சுருங்க வேண்டிய இடம் வளர்ந்தபோது: கொழுப்பை உறையவைக்கும் சிகிச்சையும் லிண்டா எவாஞ்சலிஸ்டா வழக்கும்

2021 செப்டம்பரில் கனடிய ஃபேஷன் மாடல் லிண்டா எவாஞ்சலிஸ்டா இன்ஸ்டாகிராமில் ஒரு நீண்ட குறிப்பை எழுதினார். கூடவே தொழிலுக்கு வந்தவர்கள் எல்லாம் இன்னும் கொடிகட்டிப் பறக்க, தான் மட்டும் ஏன் வருடக்கணக்காகக் கண்ணிலேயே படவில்லை என்று கேட்டவர்களுக்கான பதில் அது. உடம்பில் அங்கங்கே இருந்த சதையைக் குறைக்க, கொழுப்பை உறையவைக்கும் 'கூல்ஸ்கல்ப்டிங்' சிகிச்சை செய்துகொண்டாராம். குறைய வேண்டிய இடங்கள் கூடிவிட்டன. வலியும் வேதனையுமாக இரண்டு முறை திருத்த அறுவை செய்தும் சரியாகவில்லை. ஆளே அடையாளம் தெரியாமல் உருக்குலைந்து போனதாகவும், வீட்டைவிட்டு வெளியே வராமல் ஒடுங்கிவிட்டதாகவும் எழுதியிருந்தார். அதோடு நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றத்தில், கருவியைத் தயாரித்த ஸெல்டிக் நிறுவனத்தின் மீது 5 கோடி டாலர் கேட்டு ஒரு வழக்கும் போட்டார்.

அவரைத் தெரியாத தலைமுறைக்கு ஒரு வரி. 1965-ல் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் பிறந்தவர். 1990 ஜனவரியில் பிரிட்டிஷ் வோக் ஃபேஷன் இதழின் அட்டையில் பீட்டர் லிண்ட்பெர்க் எடுத்த கறுப்பு வெள்ளைப் படத்தில் நின்ற ஐந்து மாடல்களில் ஒருவர். நாளுக்கு 10,000 டாலருக்குக் குறைந்தால் நாங்கள் படுக்கையைவிட்டே எழுந்திருக்க மாட்டோம் என்று அதே வருடம் சொல்லி, அதற்காக இன்றுவரை வாங்கிக் கட்டிக்கொள்பவர். முகமும் உடம்பும்தான் இவருடைய முதலீடு. வழக்கில் கேட்ட தொகை பெரிதாக இருந்ததற்கு அதுவே காரணம்.

செய்தி வந்தபோது நானும் நட்சத்திர வம்பு என்றுதான் தாண்டிப் போனேன். பிறகு மருத்துவக் கட்டுரைகளைப் படிக்கப் படிக்க, இந்த வழக்கின் நடுவில் ஒரு பின்னக் கணக்கு உட்கார்ந்திருப்பது தெரிந்தது. 'அபூர்வமான பக்கவிளைவு' என்கிறார்களே, அந்த அபூர்வத்தை எதால் வகுத்தார்கள் என்பதுதான் அது. அதற்கு முன் இந்தச் சிகிச்சை எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடுவோம்.

குச்சி ஐஸில் தொடங்கியது

1970-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஒரு சிறு கட்டுரை வந்தது. குச்சி ஐஸ் சப்பிய குழந்தையின் கன்னத்தில் சில நாள் கழித்துச் சிவந்த, கெட்டியான வீக்கம். மேல்தோலுக்கு ஒன்றும் ஆகவில்லை. அடியில் இருந்த கொழுப்பு மட்டும் அழற்சி கண்டிருந்தது. 'பாப்சிகிள் பேனிகுலைடிஸ்' என்றே அதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள். குளிர்காலத்தில் இறுக்கமான கால்சட்டையோடு மணிக்கணக்கில் குதிரைச் சவாரி செய்த பெண்களின் தொடையிலும் இதே மாதிரி வீக்கம் பின்னாளில் பதிவானது.

இதன் சூத்திரம் நம் வீட்டிலேயே இருக்கிறது. மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் வெள்ளையாக உறைந்து கிடக்கும். பக்கத்தில் செம்பில் இருக்கிற தண்ணீர் தண்ணீராகவே இருக்கும். நல்லெண்ணெயும் இளகித்தான் இருக்கும். கொழுப்பின் வகையைப் பொறுத்து அது உறையும் சூடு மாறுகிறது. நீர் உறைவதற்கு வெகு முன்பே நம் உடம்புக் கொழுப்பு உறைந்துவிடுகிறது. தோலிலும் தசையிலும் நீர் அதிகம், கொழுப்புச் செல்லுக்குள் கொழுப்பு அதிகம். அளவறிந்து குளிர்வித்தால் தோலைக் காயப்படுத்தாமல் கொழுப்புச் செல்லை மட்டும் அடிக்கலாம். கைக்குழந்தைகளின் கொழுப்பு தேங்காய் எண்ணெய்ச் சாதி, நிறைவுற்ற கொழுப்பு கூடுதல். அதனால்தான் ஒரு குச்சி ஐஸுக்கே அது பணிந்துவிட்டது.

ஹார்வர்டோடு சேர்ந்த மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில், வெல்மன் ஆய்வு மையத்தின் டீட்டர் மான்ஸ்டீனும் ராக்ஸ் ஆண்டர்சனும் இதைப் பன்றிகளில் சோதித்து 2008-ல் வெளியிட்டார்கள். குளிர் பட்ட இடத்தின் கொழுப்பு அடுக்கு சில மாதங்களில் மெலிந்தது; மேலே தோல் சேதமில்லாமல் இருந்தது. கிரையோலிபோலிசிஸ் என்று பெயர். உரிமம் கலிஃபோர்னியாவின் ஸெல்டிக் நிறுவனத்துக்குப் போனது; அவர்கள் வைத்த விற்பனைப் பெயர்தான் கூல்ஸ்கல்ப்டிங். இடுப்புப் பக்கச் சதைக்கு 2010-லும், வயிற்றுக்கு 2012-லும் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் (எஃப்டிஏ) அனுமதி தந்தது. தொடை, தாடைக்கு அடிச்சதை எல்லாம் அடுத்தடுத்து வந்தன. கத்தி கிடையாது, மயக்க மருந்து கிடையாது, மதியச் சாப்பாட்டு வேளையில் முடித்துக்கொண்டு ஆபீஸ் திரும்பலாம் என்ற விளம்பரம் நன்றாகவே எடுபட்டது. 2017-ல் அலர்கன் நிறுவனம் 240 கோடி டாலருக்கு மேல் கொடுத்து ஸெல்டிக்கை வாங்கியது. 2020-ல் அலர்கனையே ஆப்வி வாங்கிக்கொண்டது.

சிகிச்சை அறையில் நடப்பது இவ்வளவுதான். குறைக்க வேண்டிய இடத்தைப் பேனாவால் குறித்து, தோல் உறைந்துவிடாமல் காக்க ஜெல் தடவிய துணியைப் போர்த்துவார்கள். கருவியின் கிண்ணம் அந்தச் சதையை உள்ளே உறிஞ்சிப் பிடிக்கும். குளிர்த் தகட்டின் சூடு பூஜ்யத்துக்குக் கீழே சுமார் 10, 11 டிகிரி வரை இறங்கும். முதல் சில நிமிடம் கடுக்கும், பிறகு மரத்துவிடும். பழைய கிண்ணங்களுக்கு ஒரு மணி நேரம், புதியவற்றுக்கு 35 நிமிடம். இப்படி ஒரு கிண்ணம் ஒரு முறை ஓடுவதை ஒரு 'சுற்று' என்பார்கள். இந்தச் சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது. கிண்ணத்தை எடுத்ததும் சதை ஃப்ரிட்ஜில் இருந்த வெண்ணெய்க் கட்டி போல நிற்கும். இரண்டு நிமிடம் அழுத்திப் பிசைந்தால் தளர்ந்துவிடும். அடிபட்ட கொழுப்புச் செல்கள் அடுத்த வாரங்களில் தாமாகச் சாகின்றன. உடம்பின் துப்புரவுச் செல்கள் இரண்டு மூன்று மாதம் எடுத்து அவற்றை அப்புறப்படுத்துகின்றன. வேலை சரியாக நடந்தால் அந்த இடத்தின் கொழுப்பு அடுக்கில் 20 முதல் 25 சதவீதம் குறையும். உடல் எடை குறைப்பதற்கான வழி இது அல்ல. எடை பார்க்கும் இயந்திரத்தில் முள் நகராது.

பெரும்பாலோருக்குச் சிவப்பு, கன்றல், சில வாரம் மரமரப்பு என்ற அளவில் முடிகிறது. சிகிச்சையே மோசடி என்று நான் சொல்ல வரவில்லை. வேலை செய்கிறது, அளந்தும் காட்டியிருக்கிறார்கள்.

2015 ஆகஸ்ட் முதல்

வழக்கில் லிண்டா தரப்பு சொன்ன கதை இது. 2015 ஆகஸ்டுக்கும் 2016 பிப்ரவரிக்கும் இடையில் ஒரு தோல் மருத்துவரின் இடத்தில் ஏழு முறை சிகிச்சை எடுத்தார். வயிறு, இடுப்புப் பக்கங்கள், முதுகு, உள்தொடை, தாடை எனப் பல இடங்கள். சில மாதங்களில் தாடையிலும் தொடையிலும் மார்க்கச்சு அமரும் பகுதியிலும் புடைப்புகள் தோன்றின. எங்கெங்கே சுருங்கவேண்டும் என்று காசு கொடுத்தாரோ அதே இடங்கள் வளர்ந்து, கெட்டியாகி, மரத்துப் போயின.

இனி வருவதுதான் எனக்கு இந்த வழக்கின் கனமான பகுதி. அவர் முதலில் கருவியைச் சந்தேகிக்கவில்லை, தன்னைத்தான் சந்தேகித்தார். எங்கோ வாயைக் கட்டாமல் விட்டுவிட்டோம் என்று நினைத்து உணவைக் குறைத்தார், உடற்பயிற்சியைக் கூட்டினார். கடைசியில் சாப்பிடுவதையே நிறுத்தும் அளவுக்குப் போனதாகவும், புத்தி பேதலிக்கிறதோ என்று பயந்ததாகவும் 2022 பிப்ரவரியில் பீப்பிள் இதழிடம் சொன்னார். 2016 ஜூனில் மருத்துவரிடம் போய் உடம்பைக் காட்டியபோதுதான் நோய்க்குப் பெயர் கிடைத்தது: பேரடாக்சிகல் அடிபோஸ் ஹைப்பர்பிளேசியா. தமிழில் முரண் கொழுப்புப் பெருக்கம் எனலாம். பட்டினி கிடந்தாலும் ஓடினாலும் இது கரையாது என்றும் அவரிடம் சொல்லப்பட்டது.

நிறுவனம், கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் அறுவையான லைபோசக்‌ஷன் செலவை ஏற்க முன்வந்து, அறுவைக்கு முந்தின நேரத்தில் ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்துக் கேட்டதாகவும், தான் மறுத்துவிட்டதாகவும் அவர் சொல்கிறார். 2016 ஜூனிலும் 2017 ஜூலையிலும் உடல் முழுக்க லைபோசக்‌ஷன் நடந்தது. அழுத்தக் கச்சைகளும் பத்தியச் சாப்பாடுமாக வாரங்கள் கழிந்த பிறகும் புடைப்பு திரும்பியது. இவை எதையும் நீதிமன்றம் விசாரித்து உறுதி செய்யவில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஏன் என்பது பின்னால் வரும்.

கத்திக்குப் பயந்து குளிரைத் தேடிப் போனவருக்கு வந்த பக்கவிளைவு, கத்தி வைத்தால் தவிரத் தீராத பக்கவிளைவு. இதைவிடக் கொடுமையான முரண் எனக்குத் தெரியவில்லை.

இந்தப் பெருக்கத்தை எடைகூடியதிலிருந்து பிரித்தறிவது கடினமில்லை, தெரிந்தவர் கண்ணில் பட்டால். எடை கூடினால் உடம்பெங்கும் பரவும், மெத்தென்று இருக்கும். இதுவோ சிகிச்சைக்கு இரண்டு முதல் ஐந்து மாதத்துக்குப் பிறகு, கிண்ணம் வைத்த இடத்தில் மட்டும், பெரும்பாலும் கிண்ணத்தின் அதே வடிவத்தில், விளிம்பு கட்டியதுபோல எழும்பும். தொட்டால் கெட்டி, ஆனால் வலி இருக்காது. இரண்டு நிமிடம் பிசைந்து தளர்த்திய அந்த வெண்ணெய்க் கட்டி, மாதங்கள் கழித்துத் திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டதைப் போல. தானாக வற்றாது. புடைப்பு இளகட்டும் என்று ஆறு முதல் ஒன்பது மாதம் காத்திருந்துதான் லைபோசக்‌ஷன் செய்யச் சொல்கிறார்கள். நார்த்திசு கலந்த கொழுப்பு என்பதால் வழக்கமான கொழுப்பைவிட எடுப்பது சிரமம். சிகிச்சை எடுப்பவர்களில் பெண்களே அதிகம், ஆனால் இந்தப் பக்கவிளைவு ஆண்களிடம் விகிதத்துக்கு மீறித் தென்படுகிறது. ஏன் வளர்கிறது என்பதற்கு உறுதியான விடை கிடையாது. உறிஞ்சலில் ரத்த ஓட்டம் குறைவதால் மூச்சுத் திணறிய திசு புதுக் கொழுப்புச் செல்களைத் தூண்டுகிறது என்பது ஒரு ஊகம்; பிழைத்த செல்கள் குளிருக்கு எதிராகப் பெருகுகின்றன என்பது இன்னொன்று.

எதால் வகுத்தார்கள்?

முதல் நோயாளியின் விவரம் 2014-ல் ஜாமா டெர்மட்டாலஜி இதழில் வந்தது. நாற்பதுகளில் இருந்த ஓர் ஆண், வயிற்றில் சிகிச்சை, பிறகு செவ்வகமாக ஒரு புடைப்பு. எழுதியவர்களில் ராக்ஸ் ஆண்டர்சனும் ஒருவர். முறையைக் கண்டுபிடித்தவரே அதன் விபரீதத்தையும் பதிவு செய்தார் என்பதை அவர் கணக்கில் வரவு வைக்கத்தான் வேண்டும். அதே கட்டுரையில் நிறுவனத்தின் கணக்கும் இருந்தது: உலகம் முழுவதும் 6,50,420 சிகிச்சைகளில் 33 பேருக்கு. அதாவது 0.0051 சதவீதம், 20,000-க்கு ஒன்று.

இந்தப் பின்னத்தில் மேலே உள்ள எண்ணிக்கை, அந்த 33, புகாராக வந்தது. அவ்வளவுதான். எடை போட்டுவிட்டது என்று நினைத்து வீட்டோடு இருந்துவிட்டவர்கள், மருத்துவர் புரிந்துகொள்ளாமல் திருப்பி அனுப்பியவர்கள், இன்னும் மூன்று மாதம் ஆகாதவர்கள் யாரும் அதில் இல்லை. லிண்டாவே பட்டினியோடு நின்றிருந்தால் எந்தப் பட்டியலிலும் சேர்ந்திருக்கமாட்டார்.

கீழே உள்ள எண்ணிக்கை, அந்த 6,50,420-தான் இன்னும் வில்லங்கம். அங்கே இருப்பது சுற்றுகள், மனிதர்கள் அல்ல. ஒருவர் வயிற்றுக்கு இரண்டு, இடுப்புக்கு இரண்டு, திரும்ப வந்து இன்னும் இரண்டு என்று எடுத்துக்கொள்கிறார். 2021-ல் வந்த, பல மருத்துவ மையங்களில் நடந்த ஆய்வு ஒன்று 2,114 பேருக்குச் செய்த 8,658 சுற்றுகளைப் பார்த்தது. ஆளுக்குச் சராசரி நான்கு சுற்றுக்கு மேல். அங்கே கிடைத்த விகிதம் 0.05 முதல் 0.39 சதவீதம் வரை. 2,000-க்கு ஒன்று என்பது நல்ல முனை, 250-க்கு ஒன்று என்பது கெட்ட முனை. பழைய 20,000 எங்கே போயிற்று? புதிய கிண்ணங்களில் இது குறைகிறது என்று அதே ஆய்வு சொன்னதையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம்.

ஒரு மனக்கணக்குப் போடலாம். சுற்றுக்கு 3,000-ல் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். கேட்டால் ஒன்றுமே இல்லை போலத்தான் இருக்கும். இருபது சுற்று எடுப்பவருக்கு அது 150-ல் ஒன்று. ஒவ்வொரு சுற்றும் தனித்தனி சீட்டுக் குலுக்கல் என்ற அனுமானத்தில் போட்ட கணக்கு இது. ஒருவரின் உடல்வாகே காரணம் என்றால் விடை மாறும். ஆனால் எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்குத் தேவை தன் உடம்புக்கு எவ்வளவு வாய்ப்பு என்பது. அவர் கையில் கொடுக்கப்படுவதோ ஒரு கிண்ணத்துக்கு எவ்வளவு என்பது. பொய் எதுவும் சொல்லாமலே ஒரு எண்ணைச் சிறிதாக்கிக் காட்ட இது போதும்.

நிறுவனம் தரப்பில் பீப்பிள் இதழிடம் சொன்னது, நூற்றுக்கு மேற்பட்ட ஆய்வுக் கட்டுரைகள், உலகம் முழுக்க 1.1 கோடிக்கு மேல் சிகிச்சைகள், அபூர்வப் பக்கவிளைவுகள் எல்லாம் நோயாளிக்கும் மருத்துவருக்குமான தகவல் தாள்களில் தெளிவாக இருக்கின்றன என்று. இந்த 1.1 கோடியிலும் ஆள் எத்தனை பேர் என்று எனக்குக் கேட்கத் தோன்றுகிறது.

யார் சொல்லியிருக்க வேண்டும்

லிண்டாவின் குற்றச்சாட்டின் சாரம், இப்படி ஒரு ஆபத்து இருப்பது சிகிச்சைக்கு முன் தனக்குத் தெரிவிக்கப்படவில்லை என்பது. தேதிகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஜாமா கட்டுரை 2014. அவருடைய முதல் சிகிச்சை 2015 ஆகஸ்ட். மருத்துவ உலகத்துக்குத் தெரிந்த விஷயம் நோயாளியின் காதுக்கு வந்ததா என்பதே கேள்வி.

அமெரிக்கச் சட்டத்தில் இங்கே ஒரு திருப்பம் உண்டு. மருத்துவர் வழியாக மட்டுமே கிடைக்கிற மருந்து, கருவி என்றால், தயாரிப்பாளர் மருத்துவரை எச்சரித்தால் போதும். நோயாளிக்குச் சொல்வது மருத்துவரின் பொறுப்பு. வேறொருவர் ஃப்ளோரிடாவில் இதே நிறுவனத்தின் மீது தொடுத்த வழக்கில் 2023-ல் 11-ஆம் வட்டாரக் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கமே தீர்ப்பளித்தது. திசு பெருகலாம், அறுவை தேவைப்படலாம் என்று மருத்துவருக்கான கையேட்டில் இருக்கிறது, எச்சரிக்கை போதுமானது என்றது. சட்டப்படி சரியாக இருக்கலாம். ஆனால் இந்தச் சிகிச்சை ஜுரத்துக்கு மாத்திரை எழுதிக்கொடுப்பது மாதிரி நடப்பதில்லை. நோயாளி விளம்பரத்தைப் பார்த்துவிட்டு, இன்ன கருவி வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேட்டுக்கொண்டு வருகிறார். ஆசை காட்டும்போது நேரே நம்மிடம் பேசுகிறார்கள், எச்சரிக்கும்போது மட்டும் மருத்துவர் வழியாகப் பேசுகிறார்கள். இந்த ஏற்பாட்டை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

'ஃபேட் ஃப்ரீசிங்' சென்னையிலும் கோவையிலும் தோல் மருத்துவ மையங்களின் விளம்பரங்களில் இப்போது சாதாரணமாகிவிட்டது. போகிறவர்கள் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டியவை சில உண்டு. கருவி எந்த நிறுவனத்தின் எந்த மாடல். எந்தெந்த இடத்தில் எத்தனை சுற்று. முரண் கொழுப்புப் பெருக்கம் என்ற சொல்லோ அதன் ஆங்கிலப் பெயரோ ஒப்புதல் படிவத்தில் இருக்கிறதா. வந்தால் லைபோசக்‌ஷன் செலவு யாருடையது. சிகிச்சைக்கு முன்னும், மூன்றாம் மாதத்திலும், ஆறாம் மாதத்திலும் ஒரே கோணத்தில் எடுத்த படங்கள் அவசியம். குளிரில் ரத்தச் செல்கள் உடையும் நோய், குளிரில் ரத்தப் புரதம் திரளும் கிரையோகுளோபுலின் பிரச்சினை உள்ளவர்கள் இதன் பக்கமே போகக்கூடாது. தள்ளுபடி விலையில் 'பேக்கேஜ்' என்று பத்துச் சுற்றைச் சேர்த்து விற்றால், மேலே போட்ட மனக்கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

லிண்டாவின் வழக்கு தீர்ப்பு வரை போகவே இல்லை. 2022 ஜூலையில் சமரசம் ஆனது. தொகை வெளியே வரவில்லை. வழக்கு முடிந்ததில் மகிழ்ச்சி, இனி அடுத்த கட்டம் என்று அவர் எழுதினார். நிறுவனமும் விவகாரம் தீர்ந்ததில் மகிழ்ச்சி என்றது. எச்சரிக்கை போதுமா என்பதை அவருடைய வழக்கில் எந்த நீதிபதியும் தீர்மானிக்க வேண்டியிராமல் போயிற்று.

அந்த செப்டம்பரில் அவர் மறுபடியும் பிரிட்டிஷ் வோக் அட்டையில் வந்தார். ஒப்பனைக் கலைஞர் பேட் மெக்ராத் அவருடைய முகத்தையும் தாடையையும் கழுத்தையும் ஒட்டு நாடாவாலும் எலாஸ்டிக்காலும் பின்னுக்கு இழுத்துக் கட்டியிருந்தார். தொப்பியும் தலைத்துணியும் அதை மறைத்தன. நேரில் என் தாடையும் கழுத்தும் இப்படி இல்லை என்று அந்த இதழிலேயே அவர் சொல்லிவிட்டார்.